பின்னால் கேட்டது

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு வானத்தையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு இது வேறு ஒரு தொந்தரவா என்று விஜயலட்சுமிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாலு மா நிலத்தில் விளைந்த சம்பா. செயின் வண்டி வைத்து அறுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டியாயிற்று. அன்று பார்த்து ஒரு தூறல். நெல் குளிர்ந்துபோய்விட்டது. ஈரம் இறங்கினால்தான் எடை போடுவார்கள். காலையிலிருந்து அவள் நெல்லைக் காலாலேயே கிளறிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறாள். சுணை பட்டு இரண்டு காலும் முட்டிவரை அரித்தது.

"போயிட்டு வாங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்றான் தியாகராசன். அடுத்த குவியல் அவனுடையது. கணவனுக்குப் பங்காளி முறை, தம்பி. "அண்ணன் பேசுனத ஸ்பீக்கர்ல போடுறாங்களாமே."

"ஆமா, பெரிய சினிமா" என்றாள் விஜயலட்சுமி.

சொன்னாளே தவிர, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் நீலப் புடவையும் பூவும் காலையிலேயே எடுத்துவந்து வைத்திருந்தாள். எரிச்சல்படுகிறவள் யாராவது பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவாளா? தியாகராசன் அந்தப் பையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். நல்ல மனுஷன்.

குணசேகரன் குவைத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. நடுவில் ஒருமுறை லீவில் வந்து, வீட்டுக்கு மாடி எடுத்து, பூசாமல் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அந்த மாடியின் கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போன ஆடியிலிருந்து வீடியோ கால் கிடையாது. முதலில் கேம்ப் மாற்றிவிட்டார்கள் என்றார். அப்புறம் நெட் எடுக்கவில்லை என்றார். அப்புறம் போன் கீழே விழுந்து கேமரா போய்விட்டது என்றார். வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வரும். "சாப்டியா? பாப்பா படிக்கிறாளா? தண்ணி வந்துச்சா? சரி, வச்சிடவா?" அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். எங்கேயோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அதையும் அவள் அழிப்பதில்லை. குழம்பு கொதிக்கும்போது, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பாள். நாலு கேள்விதானே, எத்தனை முறைதான் கேட்பது என்று யாருக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றியதில்லை.

அப்படிப்பட்டவர் மகளின் பள்ளிக்கூடத்துக்காக இருபது நிமிஷத்துக்குக் கிட்டப் பேசி அனுப்பியிருக்கிறார். அது வந்து ஒரு வாரமாக வீட்டிலேயே, வானதியின் படிப்புக்கென்று வாங்கின போனிலேயே இருக்கிறது. அதை அவள் கேட்க முடியாது.

"மிஸ் சொல்லிருக்காங்கம்மா. கிளாஸ்ல போடுறதுக்கு முன்னாடி யாரும் கேக்கக்கூடாது. நானே ஒரு தடவதான் கேட்டேன், சரியா வந்துச்சான்னு."

"நான் யாருடி? உங்கப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியா?"

"வெள்ளிக்கிழம வா. எல்லாரோடயும் சேந்து கேளு."

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிற எழில்மொழி டீச்சர் இந்த வருஷம்தான் வந்தவர். புத்தகத்தில் இருக்கிற ராஜாக்களை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களை யார் கேட்பது என்று சொல்லி, ஆளுக்கு ஒருத்தரைப் பேசவைத்துப் போனில் பதிந்துவரச் சொல்லியிருந்தார். வகுப்பில் அதைப் போட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்பாராம். அவங்க என்ன சொன்னாங்க என்பது ஒன்று. சொல்லாம வேற என்ன கேட்டுச்சு என்பது இன்னொன்று. பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம். அப்புறம் நிலோஃபர் தன் அம்மாவைப் பதிந்துகொண்டு வந்தாள். அந்த அம்மா பேசுகிறபோதெல்லாம் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினதைச் சொல்கிற இடத்தில் மட்டும் மிஷின் நின்றுவிட்டது. அதை ஒரு பிள்ளை எழுந்து சொன்னபோது வகுப்பு கப்சிப் ஆகிவிட்டதாம். வானதி வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன நாளிலிருந்து அடுப்படியில் கரண்டி விழுந்தால்கூடக் காதைச் சாய்த்துக்கொள்கிறாள்.

விஜயலட்சுமி போனபோது வகுப்பில் ஏழெட்டுப் பெற்றோர்கள் பின் பெஞ்சில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் போய் ஒண்டிக்கொண்டாள். மேஜைமேல் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர். வானதி போனை அதனோடு இணைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தில் பெருமை தெரிந்தது.

"வானதிக் கண்ணு, அப்பா பேசுறேன். மொதல்ல பேரு ஊரு சொல்லணுமாமே. பேரு குணசேகரன். ஊரு எதுன்னு உனக்கே தெரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். விஜயலட்சுமி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்துகொண்டாள். அந்தக் குரலை இவ்வளவு பெரிசாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று! போனைக் காதில் அமுக்கிக் கேட்கும்போது குரல் மட்டும்தான் வரும். இப்போது ஆளே அறைக்குள் நிற்பதுபோல இருந்தது.

"ஏசிக்குத் தகரத்துல பெரிய பெரிய குழா போவும். அத மேல தூக்கி மாட்டுற வேல. அண்ணாந்து பாத்தே கழுத்து புடிச்சிக்கும். ஊர்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு, அங்க போயி நிமிந்து நிமிந்து கழுத்து போச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வேல இருந்தா படிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க புள்ளைங்களா."

மறுபடி சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். குணசேகரன் வெயிலைப் பற்றிச் சொன்னார், ரொட்டியைப் பற்றிச் சொன்னார், ஒரே அறையில் எட்டுப் பேர் முறைவைத்துச் சமைப்பதைச் சொன்னார். மலையாளத்துக்காரன் ஒருத்தன் தினமும் புளி கேட்டு அழுததைச் சொன்னார். எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று இருந்தது விஜயலட்சுமிக்கு. இதையெல்லாம் என்னிடம் ஏன் பேசவில்லை என்றும் இருந்தது. நான் கேட்கவில்லை போல என்றும் இருந்தது. அவளும் போனில் தண்ணீரையும் உரத்தையும்தான் பேசியிருக்கிறாள்.

வானதியின் குரல் அடுத்த கேள்வியைக் கேட்டது. முன்கூட்டியே பேசி அனுப்பின கேள்வியைச் சேர்த்து ஒட்டியிருந்தாள். "அங்க கேக்காத, நம்ம வீட்டுல மட்டும் கேக்குற சத்தம் எதுப்பா?"

குணசேகரன் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. அவர் பேசாமலிருந்த அந்த நேரத்தில், அவருக்குப் பின்னால் இருந்தது முன்னால் வந்தது.

சதக். கர்ர்ர். டொக்.

சதக். கர்ர்ர். டொக்.

அதற்கும் அப்பால் ஒரு கிழட்டுக் குரல், ராகம் போட்டு இழுத்தது: "லா...பம். ரெண்டு. மூணு. நாலு."

விஜயலட்சுமியின் கை, பக்கத்தில் இருந்தவளின் தொடையைப் பிடித்துவிட்டது. பிடித்தது தெரிந்து எடுத்துக்கொண்டாள்.

அவள் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்தவள். அப்பா அப்துல் அஜீஸ் பாயின் தேங்காய் மண்டியில் மட்டை உரித்தவர். மண்ணில் நட்டுவைத்த கடப்பாரையின் முனையில் காயைக் குத்தினால் சதக். திருகிக் கிழித்தால் கர்ர்ர். மட்டையை உதறிவிட்டுக் காயைக் குவியலில் எறிந்தால் டொக். அந்த டொக்கில் உள்ளே இருக்கிற தண்ணீர் கொஞ்சம் அலுங்கும். அதைத் தகரம் அடிக்கிற சத்தம் என்று அவளால் நினைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவள். ஒன்று என்பதை லாபம் என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள், அது நெல் அளக்கிறவர்களும் செய்வதுதான். ஆனால் அந்த 'லா'வைப் பாங்கு சொல்வதுபோல இழுக்கிறவர் உலகத்தில் ஒருத்தர்தான். பாய்க்கு எழுபது இருக்கும். அவர் எந்தக் காலத்திலும் மண்டியைவிட்டு ஒரு நாள் வெளியூர் தங்கினதில்லை.

"ஆத்துல தண்ணி வர்ற சத்தம்னு சொல்லலாம்" என்றார் குணசேகரன் ஸ்பீக்கரில். "எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. எனக்கு அது இல்லம்மா. காலைல உங்கம்மா அரிசி களைவா. களைஞ்சு, கழனித்தண்ணிய மாட்டுத் தொட்டில ஊத்துவா. ஊத்திட்டு சும்மா வர மாட்டா. கிண்ணத்தத் தொட்டி விளிம்புல ரெண்டு தட்டு தட்டுவா, டங் டங்குன்னு. ஒட்டிக்கிட்டு இருக்குற நாலு அரிசியும் மாட்டுக்குப் போவட்டும்னு. நான் படுத்துக்கிட்டே கேப்பேன். சரி, வீடு முழிச்சிக்கிச்சு, நாம இன்னுங் கொஞ்சம் படுக்கலாம்னு இருக்கும். அந்த ரெண்டு தட்டு இல்லாமதான் தெனமும் எந்திரிக்கிறேன். எந்திரிச்ச மாதிரியே இல்ல."

வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். வெட்கப்பட வேண்டிய நேரம். கல்யாணம் ஆகி பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைச் சொல்கிற நேரத்திலா இந்தச் சத்தம் கேட்க வேண்டும்? அவள் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டாள். 

முடிந்ததும் டீச்சர் எழுந்தார். "என்ன சொன்னாருன்றது இருக்கட்டும். சொல்லாம என்ன கேட்டுச்சு?"

"காக்கா, மிஸ்."

"ஃபேன் ஓடுற சத்தம் மிஸ்."

"யாரோ எண்றாங்க மிஸ். லாபம் லாபம்னு."

"அங்கயும் தமிழாளுங்க இருப்பாங்கல்ல" என்றது இன்னொரு பிள்ளை.

"எதையோ குத்துற மாதிரி ஒரு சத்தம் மிஸ். விட்டு விட்டு."

வானதி கையைத் தூக்கினாள். "அது அப்பா கம்பெனி மிஷின் மிஸ். தகரம் வெட்டுறது."

டீச்சர் பின் பெஞ்சைப் பார்த்தார். குறும்பு ஒன்றும் இல்லை, மரியாதைக்குத்தான் கேட்டார். "வானதி அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுல அடிக்கடி பேசுவாருல்ல. அது என்ன சத்தங்க?"

மகள் அவளையே பார்த்தாள். அந்தக் கண்ணில் முழு நம்பிக்கை இருந்தது.

"மிஷின்தாங்க டீச்சர்" என்றாள் விஜயலட்சுமி. "அவரு சொல்லிருக்காரு."

கூட்டம் முடிந்ததும் அவள் யாரோடும் நிற்கவில்லை. கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பி வந்து நீலப் புடவையோடேயே நெல்லில் இறங்கிக் கிளறினாள். கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு குவைத்தில் வெயில் என்றாரே! ஐப்பசி மழையில் வரப்பு உடைந்து விடியவிடிய மண்வெட்டியோடு நின்றாளே, அப்போது பட்டுக்கோட்டையிலும் அதே மழைதானே பெய்திருக்கும்? பொங்கலன்று பானை பொங்கும்போது "அங்க லீவு கிடையாதுல்ல?" என்று கேட்டதற்கு "கெடையாது" என்றாரே! இந்த ஆறு மாசமாக அவள் ஏங்கினதெல்லாம் கடல் தாண்டி இருக்கிறவருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு ஏங்கியிருந்தால் எழுந்து போயிருப்பாளே.

சாயங்காலம் வானதி டியூஷன் போன பிறகு அவள் போனில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். சதக். கர்ர்ர். டொக். சந்தேகமே இல்லை. காதில் வைத்துக் கேட்கிறபோது மட்டை நாற்றம்கூட வந்துவிட்டது. கோபம் எங்கேயோ போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஊர் உலகத்தில் வேறு இடமே இல்லையா? திருப்பூர் இருக்கிறது, மெட்ராஸ் இருக்கிறது. எங்கேயும் போகாமல் அவள் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறார். அப்பா செத்து, அண்ணன் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு அங்கே அவளுக்கு என்று ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த மண்டி ஒன்றுதான் மிச்சம். வீட்டுக்கு வர முடியாதவர் வீட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் வர முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றிருக்கிறார்.

பாயே எண்ணுகிற களத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நேரம் பேசி அனுப்பினாரே, எப்படி மறந்தார் என்றும் யோசித்தாள். அறையைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் பேசுகிறவரை மகள் இருபது நிமிஷம் பேசச் சொன்னாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு மாசமாகத் தினமும் கேட்கிற சத்தம் அவர் காதில் விழவில்லை.

குவைத்திலிருந்து வந்தவர் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. காரணம் பகலெல்லாம் பக்கத்துக் குவியலிலேயே குந்தியிருந்தது.

தியாகராசன் சிங்கப்பூர் போனவன். ஆறாம் மாசம் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று திரும்பி வந்தான். ஊர் அவனுக்கு 'ரிட்டன்' என்று பெயர் வைத்தது. ரிட்டன் வீடு, ரிட்டன் மாடு, ரிட்டன் பொண்டாட்டி. டீக்கடையில் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது நிலைத்துவிட்டது. விஜயலட்சுமியும் சொன்னவள்தான். போனில் கணவனுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "நம்ம ரிட்டன் டிராக்டர்ல போறாருங்க, ஏரோப்ளேன்ல போற நெனப்பு." அந்தப் பக்கம் குணசேகரனும் விழுந்து விழுந்து சிரிப்பார். கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. "ம்" என்பார். அவள் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை வெயில் சுளீரென்று அடித்தது. நெல் காய்ந்து காலடியில் கலகலத்தது. தூற்றுகிற மிஷினுக்கு வரிசை வரும்வரை இரண்டு பேரும் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்தார்கள். தியாகராசன் பெண்டாட்டி கொடுத்துவிட்ட பழைய சோற்றைப் பிரித்து, மாவடுவைப் பாதி அவள் பக்கம் தள்ளினான்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோச்சிக்கக்கூடாது."

"கேளுங்கண்ணி."

"நீங்க சிங்கப்பூர்லேர்ந்து வந்தீங்களே. அன்னிக்கு எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு?"

அவன் மாவடுவைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். கிண்டலா என்று பார்த்த மாதிரி இருந்தது. இல்லை என்று தெரிந்ததும் சோற்றை அளைந்தான்.

"வேல போனது கஷ்டமில்லண்ணி. அது எனக்கு மட்டுமா போச்சு? பஸ்ஸ விட்டு எறங்குனேன் பாருங்க. அங்கேர்ந்து வீடு வரைக்கும் ஒரு தெருதான். எத்தன வாசல்! ஒவ்வொரு வாசல்லயும், என்ன தியாகு, லீவா? எத்தன நாளு லீவு? நீங்ககூட கோலம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. நீங்களும் அதான் கேட்டீங்க."

"கேட்டேன்."

"ஆமாண்ணி, லீவுதான்னு சொல்லிட்டேன். அப்பறம் வீட்டுக்குள்ள போயி அவகிட்ட சொல்லணும். எங்க அம்மாகிட்ட சொல்லணும். மாமனாருக்குப் போன் போட்டுச் சொல்லணும். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிடுச்சு. ரிட்டன்னு நீங்கள்லாம் கூப்புட்டது எனக்குப் பெருசாத் தெரியல. நானே என் வாயால வந்துட்டேன், வந்துட்டேன்னு சொன்னேன் பாருங்க, அதான். யாராவது ஒரு ஆளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். நான் சொல்லாமலே."

"நானும் உங்கள அந்தப் பேரச் சொல்லிச் சிரிச்சிருக்கேன் தம்பி."

"தெரியும் அண்ணி. அண்ணன் ஒருநா போன்ல சொன்னாரு. உங்கண்ணி சிரிக்கிறா, மனசுல வச்சிக்காதன்னு." அவன் கையைக் கழுவினான். "நல்ல மனுஷன். எங்கயிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

எங்கேயிருந்தாலும் என்று அவன் சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னானா, தெரிந்துதான் சொன்னானா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் மிஷின்காரன் கூப்பிட்டுவிட்டான்.

நெல் எடை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. வானதிக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. விஜயலட்சுமி குளித்தாள், சாப்பிடவில்லை. போனை எடுத்து அவருக்குப் பேசி அனுப்ப உட்கார்ந்தாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து அழித்தாள். போலீஸ்காரன் பேச்சு மாதிரி இருந்தது. "வந்துடுங்க" என்றாள். அழித்தாள். எங்கேயிருந்து என்று கேட்பார், பொய்யை இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும். நேரே பஸ் ஏறிப் போய்விடலாமா என்று நினைத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாரைக்கு முன்னால் நிற்பார். இவள் நீலப் புடவை கட்டிக்கொண்டு மண்டி வாசலில் நிற்பாள். அந்த முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்கும். வேண்டாம். அது அவருக்கு அந்தத் தெருவைவிட மோசம்.

கொல்லையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பறித்துப்போட்ட தேங்காய் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் திடீரென்று உள்ளே போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஈரமண். கூர்முனை மேலே இருக்கும்படி தலைகீழாக நட்டு, சுற்றிலும் கல் வைத்து இறுக்கினாள். சின்ன வயசில் அப்பா சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அவள் இதைச் செய்வாள். பொம்பளப் புள்ளைக்கு ஏன் இந்த வேலை, வயித்துல குத்திக்கப்போறே என்று அப்பா மட்டையை வீசுவார். மேலே விழாதபடிதான் வீசுவார். ஆட்டுக்கல்லின்மேல் போனை வைத்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

முதல் காய் வழுக்கிவிட்டது. உள்ளங்கை சிராய்த்தது. இரண்டாவது தடவை இடுப்பை வளைத்து, உடம்பின் கனத்தை எல்லாம் கையில் இறக்கிக் குத்தினாள். சதக். திருகினாள். கர்ர்ர். அடேயப்பா, கை மறக்கவில்லை. உரித்த காயைக் கல்லுக்குப் பக்கத்தில் எறிந்தாள்.

"லா...பம்" என்றாள். பாய் இழுக்கிற மாதிரியே இழுத்தாள்.  அடுத்ததைக் குத்தினாள். காய்மேல் காய் விழுந்தது. டொக்.

"ரெண்டு."

டொக்.

"மூணு."

மூச்சு இரைத்தது. பதிவை நிறுத்தாமலேயே போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ராத்திரிக்கு அளந்து வைத்திருந்த அரிசியை அலுமினியக் கிண்ணத்தில் களைந்தாள். வந்தாள். கழனித்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள். கிண்ணத்தை விளிம்பில் தட்டினாள்.

டங். டங்.

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுப்பிவிட்டாள்.

அனுப்பின பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டால்? கண்டுபிடித்துவிட்டாள் என்று கூசிப்போய் அங்கேயிருந்தும் எழுந்து எங்கேயாவது போய்விட்டால்? இப்போதாவது எங்கே இருக்கிறார் என்று தெரியும். நாளைக்கு அதுவும் இல்லாமல் போய்விடுமே. அழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். இரண்டு கோடும் நீலமாகிவிட்டிருந்தன. கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. பொழுது சாய்ந்தது, வரவில்லை. வானதி வந்து உரித்த காயைப் பார்த்து "யாரும்மா உரிச்சா?" என்றாள். "நான்தான்" என்றாள். "கை பூரா ரத்தம்மா!" என்று மகள் மஞ்சள் குழைத்துப் போட்டாள். படுக்கும்வரை பதில் வரவில்லை. இந்த நாலு வருஷத்தில் இப்படி ஒரு நாள் அவள் காத்திருந்ததில்லை. முன்னெல்லாம் காத்திருந்தது வருஷக்கணக்கில். அதில் அவசரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்து பால் கறந்தாயிற்று. அரிசியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டபோது போன் சிணுங்கியது. கையில் ஈரம். "பாப்பா, யாருன்னு பாரு."

"அப்பாதாம்மா. வாய்ஸ்." வானதி போட்டாள். ஏதோ இரைச்சல். கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. "ஒண்ணுமே பேசலியே. பாக்கெட்ல வச்சிருந்து தானா அழுந்திடிச்சி போல."

"இன்னொருக்கா போடு. சத்தமா."

வானதி சத்தத்தைக் கூட்டினாள். வகுப்பில் செய்கிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஹாரன் அடிக்குது... கூட்டமா இருக்கு... விசில் ஊதுறாங்க. ஒருத்தர் கத்திக்கிட்டே போறாரும்மா. மதுக்கூர் மன்னார்குடி, மதுக்கூர் மன்னார்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அது இந்தப் பக்கம் வருகிற பஸ். போனைப் பார்த்தாள். நட்டபடியே நின்ற கடப்பாரையைப் பார்த்தாள். கல்லோரம் கிடந்த மூன்று காயைப் பார்த்தாள்.

"அம்மா. அன்னிக்கி கிளாஸ்ல கேட்டுச்சே, அது மிஷின் இல்லியா?"

"இல்லடி."

 விஜயலட்சுமி ஈரக்கையோடேயே அவள் கன்னத்தைப் பிடித்தாள். "உங்கப்பா வராரு. தெருவுல யாரு கேட்டாலும் நீ முந்திக்கிட்டுச் சொல்லணும், எங்கப்பா வந்துட்டாருன்னு. லீவான்னு கேட்டா, இல்ல, வந்துட்டாருன்னு சொல்லு. அவரு வாயால சொல்லவிடக்கூடாது. போ, பஸ்டாண்டுல போயி நில்லு. தியாகு சித்தப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ."

வானதி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

விஜயலட்சுமி கிண்ணத்தில் இன்னும் இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டாள். களைந்து, கழனித்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள். பழக்கத்தில் கிண்ணத்தை ஓங்கினவள், விளிம்பில் படுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். ஒட்டியிருந்த அரிசியை விரலால் வழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நாளைக் காலையில் தட்டிக்கொள்ளலாம்.